முற்றத்துக்குக் கல் பதிக்குமுன் ஏசிக்கு ஓர் இடம் பாருங்கள்

சந்தேகங்களும் விளக்கங்களும்

அமிர்தகழி வளவுகளின் முகம் மாறி வருகிறது. விடியற்காலையில் விளக்குமாற்றுக் கோடு விழ மணல் கூட்டிய முற்றங்களில் இப்போது இன்டர்லொக் கல் விரிகிறது. கிடுகு வேலி மதிலாகி வெகுகாலம். மாமாங்கேஸ்வரர் ஆலயப் பக்கமிருந்து வாவிக்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளில் நடந்து பாருங்கள், ஏதாவது ஒரு வாசலில் கிரவலும் கல்லும் குவிந்து கிடக்கும்.

இந்த வேலைகளெல்லாம் மழையில்லாத மாதங்களில்தான் நடக்கும். சித்திரை கழிந்து தொடங்கி, ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு உறவுகள் வந்து இறங்குமுன் முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படுவோம். அதே மாதங்களில்தான் கச்சான் அடிக்கும். (கொறிக்கிற கச்சான் அல்ல. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றி, எங்கள் பக்கம் அனலாக இறங்கும் காற்று.) ஏசி மிகவும் வேண்டிய நேரமும் அதைக் கழற்ற வேண்டிய நேரமும் ஒன்றாக வந்து நிற்கின்றன.

என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கல் பதிக்க வந்தவர்களில் ஒரு தம்பி, "இது பாரமில்ல அண்ணன், மறுகா எடுத்து வைப்பம்" என்று வெளி யூனிற்றைப் பைப்போடு சேர்த்துத் தூக்கி மூன்றடி தள்ளி வைத்தார். செம்புப் பைப் ஓர் இடத்தில் மடிந்தது. யாரும் கவனிக்கவில்லை. இரண்டு கிழமையில் குளிர் குறைந்தது. வந்தவர் கேஸ் அடித்தார். அடுத்த மாதம் இன்னொருவர் வந்து மறுபடியும் அடித்தார். மூன்றாவதாக வந்தவர்தான் சுற்றியிருந்த ரேப்பைப் பிரித்து, மடிந்த இடத்தில் இருந்த மயிரிழை வெடிப்பைக் காட்டினார். இரண்டு தடவை அடித்த கேஸுக்குக் கொடுத்த காசில் புதுப் பைப்பே போட்டிருக்கலாம். இந்தக் கதையைக் கேட்ட பிறகு அயலவரும் வாசகர்களும் கேட்ட சந்தேகங்களுக்குத்தான் கீழே விளக்கம்.

கழற்றத்தான் வேண்டுமா? பைப்போடு மெதுவாக நகர்த்தி வைத்தால் போதாதா?

போதும் என்று சொல்லக்கூடிய வீடுகளும் உண்டு. யூனிற்றுக்குப் பின்னால் பைப் ஒரு வளையமாகச் சுற்றி விடப்பட்டிருந்தால், இரண்டு பேர் பிடித்து நேராக ஓரடி உயர்த்தி, அடியில் சீமெந்துக் கல் வைத்துக் கீழே வேலையை முடிக்கலாம். பக்கவாட்டில் இழுப்பதுதான் ஆபத்து. செம்பு முதல் தடவை வளையும்போது மெழுகுபோல வளையும். வளைந்த இடத்திலேயே மறுபடி நிமிர்த்தினால் இறுகி உடையப் பார்க்கும். பைப்பில் வளையம் இல்லையென்றாலோ, போய்ச்சேரும் இடம் இரண்டடிக்கு மேல் என்றாலோ கழற்றுவதே மலிவு.

கழற்றினால் கேஸ் முழுவதும் போய்விடுமே? மறுபடி அடிக்கக் காசு கேட்பார்களே?

வந்த கேள்விகளில் பாதி இதுதான். ஏசிக்குள் இருக்கும் கேஸ் பெற்றோல் மாதிரி எரிந்து தீர்வதல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. ஓட்டை இல்லாவிட்டால் பத்து வருடம் போனாலும் அதே அளவில் இருக்கும். "கேஸ் முடிஞ்சு போச்சு" என்று ஒருவர் சொன்னால், அது எந்த வழியாக வெளியே போனது என்று கேளுங்கள்.

கழற்றும்போது அந்தக் கேஸை வெளி யூனிற்றுக்குள்ளேயே பூட்டிவைக்க வழி இருக்கிறது. வேலைக்காரர்கள் பம்ப் டவுன் என்பார்கள். வெளி யூனிற்றின் பக்கத்தில் ஒல்லியான பைப் ஒன்றும் தடித்த பைப் ஒன்றும் வந்து சேரும் இடத்தில் இரண்டு வால்வுகள் இருக்கும். ஏசியைக் குளிரூட்டும் நிலையில் ஓடவிட்டு, முதலில் ஒல்லிப் பைப்பின் வால்வை மூட வேண்டும். கொம்பிரஷர் உள்ளே இருக்கும் கேஸை இழுத்து வெளிப்பெட்டிக்குள் சேர்க்கும். கேஜ் முள் பூச்சியத்தை நெருங்கும்போது தடித்த பைப்பின் வால்வையும் மூடி, உடனே மெசினை நிறுத்த வேண்டும். இரண்டு மூன்று நிமிட வேலை. இன்வேர்ட்டர் மெசின் என்றால் முழு வேகத்தில் ஓடவைக்கும் சோதனை நிலை ஒன்று இருக்கும், அதில் போட்டுச் செய்வார்கள். சரியாகச் செய்தால் பைப்பைக் கழற்றும்போது சிறு "புஸ்" என்ற சத்தம் வரும், அவ்வளவுதான். அரை நிமிடம் சீறிக்கொண்டிருந்தால் உங்கள் கேஸ் வாவிப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கொம்பிரஷர் ஓடிக்கொண்டிருக்கும்போது பைப்பின் இணைப்பைத் தளர்த்தவே கூடாது. உள்ளே இழுபடும் காற்றும் எண்ணெய்ப் புகையும் அமுக்கத்தில் சூடேறி வெடிக்கும். பல நாடுகளில் இப்படி ஆட்கள் இறந்திருக்கிறார்கள். யூரியூப்பில் ஐந்து நிமிடக் காணொளி பார்த்துவிட்டு ஸ்பேனரைத் தூக்கும் தம்பிமாருக்காக இதைத் தனியாகச் சொல்கிறேன்.

திரும்பப் பூட்டும்போது நடக்கும் குறுக்குவழி வேறு. உள் யூனிற்றிலும் பைப்பிலும் நுழைந்துவிட்ட காற்றை வக்கியூம் பம்பால் உறிஞ்சி எடுத்த பிறகுதான் வால்வைத் திறக்க வேண்டும். சிலர் பம்ப் கொண்டு வருவதில்லை. வால்வைக் கொஞ்சம் திறந்து, கேஸாலேயே காற்றைத் தள்ளிவிட்டு, "சரி ஐயா" என்று புறப்பட்டுவிடுவார்கள். அன்றைக்கு நன்றாகத்தான் குளிரும். எங்கள் வாவிக்கரைக் காற்றில் ஈரம் எவ்வளவு என்பது உப்புப் போத்தலைத் திறந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும். புது ரக மெசின்களில் உள்ள எண்ணெய் அந்த ஈரத்தைக் குடித்து அமிலமாகிக் கொம்பிரஷரின் சுருளை அரிக்கும். ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து கொம்பிரஷர் எரிந்த நாளில் இந்தக் குறுக்குவழி யாருக்கும் ஞாபகம் வராது. பம்ப் குறைந்தது கால் மணி நேரமாவது ஓட வேண்டும். நிறுத்திய பிறகு பத்து நிமிடம் முள் ஏறாமல் நிற்கிறதா என்று பாருங்கள். ஏறினால் எங்கோ ஒழுகுகிறது.

கேஸின் பெயர் யூனிற்றில் ஒட்டிய தகட்டில் இருக்கும். பழைய மெசின் என்றால் ஆர்-22, பிறகு வந்தவை ஆர்-410ஏ, இப்போது விற்பவை பெரும்பாலும் ஆர்-32. ஒன்றுக்குப் பதிலாக மற்றதை அடிக்க முடியாது. ஆர்-410ஏயின் அமுக்கம் ஆர்-22ஐவிட ஒன்றரை மடங்குக்கும் மேல், எனவே பழைய கேஜ் அதற்கு ஆகாது. ஆர்-32 மெல்லத் தீப்பற்றக்கூடியது. வேலை நடக்கும் இடத்தில் பீடி, சிகரெட் வேண்டாம். கதவு யன்னல் திறந்திருக்கட்டும். கேஸைக் காற்றில் விட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு கிலோ ஆர்-410ஏ வெளியேறினால், 2,000 கிலோவுக்கு மேற்பட்ட காபனீரொட்சைட்டு செய்யும் சூட்டை அது செய்யும். ஆர்-22 ஓசோன் படையையும் அரிப்பது. 1987இன் மொன்றியல் உடன்படிக்கையில் இலங்கை 1989இல் சேர்ந்தது. அதன்படி எங்களைப் போன்ற நாடுகள் 2030இல் அந்த வாயுவைக் கைவிட வேண்டும், பழுதுபார்ப்புக்கு மட்டும் சிறிதளவு 2040 வரை கிடைக்கும். உங்கள் வீட்டில் ஆர்-22 மெசின் இருந்து, அதுவும் பத்துப் பன்னிரண்டு வருடப் பழசு என்றால், இடம் மாற்றும் செலவைச் செய்யுமுன் ஒரு தடவை யோசிக்கலாம்.

பழைய பைப்பையே பாவிக்கலாமா?

மடியாமல், நசுங்காமல், கழற்றிய உடனே இரு முனையும் மூடப்பட்டிருந்தால் பாவிக்கலாம். முனையில் விரித்திருக்கும் வாயை வெட்டிவிட்டுப் புதிதாக விரிக்க வேண்டும். பழைய வாயையே இறுக்கினால் ஒழுகும். தூரம் கூடினால் பைப்பைச் சேர்க்க வேண்டிவரும். அப்போது கேஸும் கொஞ்சம் கூட்ட வேண்டும். பெரும்பாலான மெசின்களில் 5 முதல் 7.5 மீற்றர் வரையான பைப்புக்கு வேண்டிய கேஸ் கொம்பனியிலேயே நிரப்பி வரும். அதற்கு மேல் ஒவ்வொரு மீற்றருக்கும் எத்தனை கிராம் என்று கையேட்டில் இருக்கும், தராசில் வைத்துத்தான் அடிக்க வேண்டும். கையால் பைப்பைத் தொட்டுப் பார்த்து "இப்ப சரி" என்பது அளவல்ல. மிகக் கிட்டவும் கூடாது. பல மெசின்கள் குறைந்தது 3 மீற்றர் பைப் கேட்கும்.

புதிய இடமாக எந்தப் பக்கம் நல்லது?

கொழும்பில் எழுதிய கையேடு இதற்கு உதவாது. எங்கள் ஊர்க் காற்றையும் வெயிலையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

வெளி யூனிற்றின் விசிறி சூட்டை முன்னால் தள்ளுகிறது. எதிரே கச்சான் வந்து முட்டினால் அந்தச் சூடு திரும்பி அதன் மேலேயே விழும். ஆகவே விசிறியின் முகம் மேற்கைப் பார்க்க வேண்டாம். ஐப்பசி தொடங்கித் தை வரை வாடை வடகிழக்கிலிருந்து மழையையும் கடல் உப்பையும் சேர்த்துக்கொண்டு வரும். ஆகவே கிழக்கும் வடக்கும் அவ்வளவு நல்லதல்ல. மிஞ்சுவது தெற்குச் சுவர். தெற்கில் வெயில் அடிக்குமே என்பீர்கள். மட்டக்களப்பு இருப்பது வடக்கே 7.7 பாகையில். ஏப்ரல் முற்பகுதியில் சூரியன் எங்கள் உச்சிக்கு நேரே வந்து, பிறகு வடக்கே போய்விடும். செப்டெம்பர் தொடக்கத்தில்தான் திரும்பும். கச்சான் கொளுத்தும் மாதங்கள் முழுவதும் வீட்டின் தெற்குச் சுவர் நண்பகலில் நிழலில் நிற்கும். தென்மேற்கு மூலையை விட்டுவிட்டு, தெற்குச் சுவரின் கிழக்கு முனையை எடுங்கள்.

மனையடி பார்க்கிறவர்களுக்கும் மகிழ்ச்சிதான். அது அக்கினி மூலை, அனல் கக்கும் மெசினுக்கு அதைவிடப் பொருத்தமான மூலை கிடைக்காது. ஒரு சிக்கல் உண்டு. அநேகமான வீடுகளில் குசினியும் அங்கேதான். குசினிப் புகைபோக்கிக்கு நேரே வைத்தால் பொரியல் எண்ணெய் தகடுகளில் ஒட்டி, அதன்மேல் தூசி படிந்து, ஆறு மாதத்தில் கம்பளி போர்த்தியதுபோல ஆகிவிடும். குசினி யன்னலிலிருந்து நாலைந்து அடி தள்ளுங்கள்.

தென்னைமரத்தின் கீழ் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு தேங்காய் போதும்.

பின்புறச் சுவருக்கும் யூனிற்றுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி, வால்வு இருக்கும் பக்கம் ஆள் குந்தியிருந்து வேலை செய்ய இரண்டடி, முன்னால் குறைந்தது ஒரு மீற்றர் திறந்த வெளி வேண்டும். நாளைக்குப் பழுதுபார்க்க வருபவரின் முழங்கைக்கு இடம் இல்லாவிட்டால் கூலி கூடும்.

அழகாக இருக்கவேண்டுமென்று கூடு கட்டி மூடலாமா? செடி வைத்து நிழல் கொடுத்தால் கரண்ட் பில் குறையுமா?

ஒரு தொன் ஏசி அறையிலிருந்து 3.5 கிலோவொற் சூட்டை எடுக்கிறது. தான் குடிக்கும் மின்சாரத்தையும் சேர்த்துச் சுமார் 4.5 கிலோவொற் சூட்டை வெளியே கொட்டுகிறது. நாலைந்து மின்சார இஸ்திரிப்பெட்டிகளை ஒரே நேரத்தில் எரியவிட்ட மாதிரி. அதைச் சுற்றி மரச்சட்டமோ அலுமினியக் கூடோ போட்டால், தான் விட்ட சூட்டையே அது திரும்ப மூச்செடுக்கும். பில் ஏறும், உள்ளே குளிராது. பகுதி திறந்த சட்டம் என்றாலும் முன்பக்கம் வெறுமையாக இருக்கட்டும்.

நிழலைப் பற்றி நாங்கள் நினைப்பது கொஞ்சம் மிகை. புளோரிடாவில் உள்ள சூரியசக்தி ஆய்வு நிலையம் 1990களில் வீடுகளின் வெளி யூனிற்றுகளுக்கு நிழல் கொடுத்து அளந்தது. மிச்சமான மின்சாரம் 3 வீதத்துக்கும் குறைவு. காற்றோட்டத்தைத் தடுக்காத, உயரமான ஒரு மரத்தின் நிழல் நல்லதே. ஆனால் நிழலுக்காகக் குரோட்டன் செடிகளை நெருக்கி நட்டால் கிடைப்பதைவிடப் போவது அதிகம்.

பைப்பைக் கல்லுக்கு அடியில் புதைத்துக் கொண்டு போகலாமா?

கேட்ட ஐந்தாறு பேரும் இதற்கு ஆசைப்பட்டார்கள். சுவரில் பைப் ஓடினால் அசிங்கமாம். அமிர்தகழியில் இது வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. மார்கழியில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு மேலே நிற்கும் என்று பாருங்கள். புதைத்த பிவிசிக் குழாய் அந்த மட்டத்தில் தண்ணீர் நிரம்பிக் கிடக்கும், பைப்பின் பஞ்சு உறை ஊறி நாசமாகும், உவர் நீர் செம்பையும் அரிக்கும். எலிக்கும் அது நல்ல சுரங்கம். ஒழுகினால் கல்லைக் கிளப்ப வேண்டும். சுவரோடு ஒட்டி, பிளாஸ்ரிக் மூடிக்குள் கொண்டுபோனால் கண்ணை உறுத்தாது.

வயரை மட்டும் புதைக்க நேர்ந்தால், கல் பதிக்குமுன் மேசனிடம் சொல்லி ஒரு குழாயை வைத்துவிடுங்கள். நடுவில் ஒட்டு வைக்கக் கூடாது. உள் யூனிற்றிலிருந்து வடியும் தண்ணீருக்கும் வழி செய்யுங்கள். ஈரமான நாளில் மணிக்கு ஒரு லீற்றருக்கும் மேல் வரும். அதைப் புதுக் கல்லின்மேல் விட்டால் ஒரு மாதத்தில் பாசி பிடித்து வழுக்கும். பூக்கன்றுக்கு விடலாம், குடிக்க ஆகாது.

தரையில் வைப்பதா, சுவரில் தொங்கவிடுவதா?

2011 ஜனவரி வெள்ளம் உங்கள் சுவரில் எந்த மட்டத்தில் கோடு போட்டது? அதற்கு மேலே. எங்கள் பகுதிக்கு வேறு அளவுகோல் வேண்டியதில்லை. வளவுக்குக் கிரவல் போட்டு ஓரடி உயர்த்துகிறவர்கள், முன்பு இரண்டடி உயரத்தில் நின்ற யூனிற் இப்போது ஓரடியில் நிற்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். (உயர்த்திய வளவின் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.)

சுவரில் தொங்கவிடுவதானால் வீட்டுச் சுவரில் மட்டும். நாலு அங்குலக் கல் மதிலில் 30 கிலோ ஆடும் பாரத்தை மாட்டாதீர்கள். சாதாரண இரும்புக் கோணத்துக்குப் பச்சைப் பெயின்ற் அடித்துக் கொடுப்பார்கள், உப்புக் காற்றில் மூன்றாம் வருடம் பொரிந்து உதிரும். கறையில்லா எஃகு, இல்லாவிட்டால் சூடாக நாகம் பூசியது கேளுங்கள். போல்ற்றும் அதே தரமாக இருக்கட்டும். துருப்பிடித்த தாங்கி புயலில் என்னாகும் என்று 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

தகடுகளில் படியும் உப்பை மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். உங்கள் கிணறு உவர் என்றால் அந்தத் தண்ணீரால் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவது. குழாய்த் தண்ணீரைப் பாவியுங்கள்.

பக்கத்து வீட்டார் சத்தம், சூடு என்று சண்டைக்கு வந்தால்?

அவர்கள் பக்கம் நியாயம் இருக்கலாம். 1996ஆம் ஆண்டின் இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி, மாநகர சபை எல்லைக்குள் வளவின் எல்லையில் கேட்கும் சத்தம் பகலில் 63 டெசிபலுக்கும் இரவில் 50 டெசிபலுக்கும் மேல் போகலாகாது. இரவு என்பது மாலை 6 மணிக்கே தொடங்குகிறது. நல்ல நிலையிலுள்ள ஒரு தொன் யூனிற் ஒரு மீற்றர் தூரத்தில் ஏறக்குறைய 50 டெசிபல் போடும். அதை மதிலோடு ஒட்டி, அவர்களுடைய படுக்கையறை யன்னலுக்கு நேரே வைத்தால் சட்டத்தின் விளிம்பில்தான் நிற்பீர்கள். யூனிற்றின் காலுக்குக் கீழே றப்பர்க் கட்டை வையுங்கள். அதற்கும் முன்னால், வைக்குமுன் அந்த வீட்டு அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

யாரிடம் கொடுப்பது? என்ன கேட்பது?

உத்தரவாதக் காலம் முடியாத மெசின் என்றால் விற்ற இடத்தையே கேளுங்கள், வெளியாள் கைவைத்தால் உத்தரவாதம் போகலாம். மற்றபடி, குளிரூட்டித் தொழிலில் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் உள்ளவர் நல்லது. மதிப்பீட்டைக் கடதாசியில் வாங்குங்கள். பைப் எத்தனை அடி, வயர் எத்தனை மீற்றர், தாங்கி என்ன உலோகம், கேஸ் கூட்டினால் எத்தனை கிராம், வக்கியூம் பம்ப் உண்டா என்று ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள். "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்பவரிடம்தான் பிறகு வாக்குவாதம் வருகிறது.

மின்சாரப் பக்கத்தை அசட்டையாக விடாதீர்கள். ஏசிக்குத் தனி வயர், தனி பிறேக்கர், எர்த், ட்ரிப் சுவிட்ச் எல்லாம் வேண்டும். மெயினை அணைத்த பிறகும் யூனிற்றுக்குள் உள்ள கப்பாசிற்றரில் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும், மூடியைக் கழற்றி விரல் வைக்க வேண்டாம். வயர் நுழையும் துவாரத்தை அடைக்கச் சொல்லுங்கள். சர்க்கிட் பலகையின்மேல் பல்லி ஒன்று கருகிக் கிடந்து மெசின் நின்றுபோன வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு.

கல் பதிக்கும் நாட்களில் கழற்றிய யூனிற்றை எங்கே வைப்பது?

விறாந்தையில், நிமிர்த்தி, மேலே சாக்குப் போர்த்தி வையுங்கள். படுக்கவைத்தால் கொம்பிரஷர் எண்ணெய் இடம் மாறும். அப்படிப் படுத்திருந்தால் திரும்ப ஓடவிடுமுன் ஓர் இரவு நிமிர்ந்து நிற்கட்டும். வால்வு முனைகளுக்கும் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் பைப் முனைகளுக்கும் மூடி போட்டு ரேப் சுற்ற வேண்டும். குளவி கூடு கட்ட இரண்டு நாள் போதும். கழற்றாமல் விட்டவர்கள், கல் வெட்டும் மெசின் ஓடும் நேரத்தில் ஏசியை ஓடவிடாதீர்கள். விசிறி அந்தச் சீமெந்துத் தூசி முழுவதையும் தகடுகளுக்குள் இழுத்துக்கொள்ளும், அதன்மேல் ஈரம் பட்டால் அலுமினியத்தை அரிக்கும்.

மேசனுக்கு நாள் சொல்லுமுன் ஏசிக்காரருக்கு நாள் சொல்லுங்கள். அவர் வருவதற்கு முந்திய இரவு ஏசியை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, நன்றாகக் குளிர்கிறதா என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். கொம்பிரஷர் ஓடாத மெசினில் கேஸைப் பூட்ட முடியாது.